செய்தி யாருக்குச் சொந்தம்?

பத்திரிகை எழுத்து இலக்கியமாகுமா என்னும் வினா நம்மிடையே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவது. நாளெல்லாம் ஓடியலைந்து எழுதியது மறுநாட் காலையில் பலசரக்குக் கடையிலே சரை சுற்ற உதவுகிறது என்று பத்திரிகையாளர் தம்மைத் தாமே எள்ளி நகையாடுவதுண்டு. அவ்வேளனத்தின் அடியில் ஓர் ஏக்கமும் கிடக்கிறது. நாளிதழில் எழுதியது ஒருநாள் வாழும். நூலில் எழுதியது நின்று வாழும் என்ற எண்ணம் எழுத்துத் தொழிலில் உழல்வோர் பலருக்கும் உண்டு. இந்த ஆசையை நாம் குறை கூறப் போவதில்லை. பத்திரிகையாளர் எழுதிய நூல்கள் பல உலகின் அறிவுச் செல்வத்தைப் பெருக்கியுள்ளன. ஆயின், நூல் நிலைக்க வேண்டுமென்பதற்காகச் செய்தி காத்துக் கிடக்கலாமா? மக்கள் இன்றே அறிந்திருக்க வேண்டியதை, ஆறு மாதங் கழித்து அவர்கள் விலைகொடுத்து வாங்கும் புத்தகத்தின் வாயிலாக அறியுமாறு செய்வதற்கு ஒரு பத்திரிகையாளருக்கு உரிமையுண்டா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுவது.

இவ்வினாவை வெறும் தத்துவ விசாரமாக்காமல், உலகறிந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு நோக்குதல் நன்று. அமெரிக்கப் பத்திரிகையாளர் பொப் வூட்வேட், 2020 செப்டெம்பர் 15இல், 'சினம்' எனப் பொருள்படும் 'ரேஜ்' என்ற நூலை வெளியிட்டார். அப்போது ஜனாதிபதியாயிருந்த டொனால்ட் ட்ரம்ப்பைப் பற்றியது அந்நூல். 2019 டிசெம்பர் முதலாக ட்ரம்ப் அவருடன் பதினெட்டு முறை உரையாடியிருந்தார். தாம் பேசுவது ஒலிப்பதிவு செய்யப்படுகிறதென்பதை அறிந்தே பேசினார். தம் பெயரை மறைக்குமாறும் கேட்கவில்லை.

அவ்வுரையாடல்களுள் ஒன்று 2020 பெப்ரவரி 7இல் நிகழ்ந்தது. சீனாவின் வூஹான் நகரில் தோன்றிய புதிய நோய் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே அப்போது கண்டிருந்தது. அந்நோய் காற்றின் வழியாகப் பரவுவது, கடுமையான சளிச்சுரத்திலும் (இன்புளுவென்சா) கொடியது என்று ட்ரம்ப் அன்று தொலைபேசியில் வூட்வேட்டிடம் கூறினார். அவரே அம்மாத இறுதியில் மக்கள் முன் தோன்றி, நோயாளர் தொகை விரைவில் பூச்சியத்தை அண்மிவிடும் என்றும், நோய் ஒருநாள் அற்புதம்போல் மறைந்துவிடும் என்றும் பேசினார். மார்ச் 9இல், சாதாரண சளிச்சுரத்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இறக்கின்றனர், அதற்காக எதையும் மூடுகிறோமா என்ற பொருள்பட எழுதினார். பத்து நாட்களின் பின், மார்ச் 19இல், தாம் எப்போதும் ஆபத்தைக் குறைத்துக் காட்டவே விரும்பியதாகவும், மக்களிடையே பீதி எழாதிருக்கவே அவ்வாறு செய்வதாகவும் வூட்வேட்டிடம் ஒப்புக்கொண்டார். முதியோர் மாத்திரமன்றி இளையோரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்றும் அன்று சொன்னார்.

இவை யாவும் நாடாவிற் பதிவாகி வூட்வேட்டின் கைவசம் இருந்தன. நாட்டு மக்கள் இவற்றை அறிந்தது செப்டெம்பர் 9இல், நூலின் பகுதிகள் முன்னறிவிப்பாக வெளிவந்த அன்றேயாகும். அதற்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ 190,000 பேர் இறந்துவிட்டிருந்தனர்.

நூலின் பகுதிகள் வெளிவந்ததும் வாதம் மூண்டது. ட்ரம்ப்பைக் கண்டித்த அதே மூச்சில் பலர் வூட்வேட்டையும் வினவினர். நீர் ஏன் பேசாதிருந்தீர்? தாம் பணிபுரிந்த 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் பத்தி எழுத்தாளர் மார்கரெட் சலிவனிடமும், அசோசியேட்டட் பிரெஸ் செய்தி நிறுவனத்திடமும் அவர் தம் விளக்கத்தைத் தந்தார். பிறரும் அவருக்காக வாதாடினர். அவ்வாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தல் விமர்சகனின் கடமை. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுவலிமையோடும் எடுத்துரைத்தபின் மறுப்பதே நேர்மையாகும்.

முதலாவது வாதம், உண்மையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது என்பது. ட்ரம்ப் கூறுவன பல பொய்யாகப் போவதுண்டு. ஆகவே நோயைப் பற்றி அவர் கூறியது மெய்யா என்பது தமக்கு அப்போது தெரியாது என்றார் வூட்வேட். ஜனவரி 28இல் பாதுகாப்பு ஆலோசகர்கள் ஜனாதிபதிக்கு அளித்த எச்சரிக்கையே அக்கூற்றின் மூலம் என்பது மே மாதத்திலேதான் தமக்குத் தெரியவந்தது என்றும் சொன்னார். சரிபார்க்காத செய்தியை வெளியிடாமை பத்திரிகைத் தொழிலின் பால பாடம். பெப்ரவரி 7ஆம் தேதி உரையாடல் ஒன்றைமட்டும் கொண்டு அவரைக் குற்றவாளியாக்க நாம் முற்படோம். ஆயின், இங்கே செய்தி எது என்பதில் ஒரு குழப்பம் நேர்ந்துள்ளது. நோயின் கொடுமை மருத்துவ விஞ்ஞானிகள் சரிபார்க்க வேண்டிய விடயம். அதனைப் பலர் அப்போதே பகிரங்கமாகக் கூறியுமிருந்தனர். அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர் நான்சி மெசொனியே, பெப்ரவரி 25இலேயே, நோய் நாட்டுக்குள் பரவப்போவது உறுதி என்று எச்சரித்தார். வூட்வேட் ஒருவரிடம் மாத்திரம் இருந்த செய்தி வேறு. ஆட்சியாளர் தனிமையில் ஒன்று கூறி, மன்றில் அதற்கு மாறாகக் கூறுகிறார் என்பதே அது. இதனைச் சரிபார்க்க எந்த மருத்துவ நூலும் வேண்டியதில்லை. ஒரு காதில் ஒலிநாடாவையும் மறு காதில் வானொலியையும் வைத்துக்கொண்டாற் போதும்.

மார்ச் 19இன் பின்னர் இவ்வாதம் முற்றாகவே வலுவிழக்கிறது. தாம் குறைத்துக் காட்டுவதாக ஜனாதிபதியே வாய்விட்டுக் கூறியபின் சரிபார்ப்பதற்கு எஞ்சியது யாது? அவர் கூறும் கணக்கையே ஏற்று, மே மாதத்தில்தான் யாவும் உறுதியாயிற்று எனக் கொள்வோம். அம்மாத இறுதியில் அமெரிக்காவின் மரணத் தொகை ஓரிலட்சத்தை எட்டியது. அதன்பின் செப்டெம்பர்வரை கழிந்த மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட மௌனத்துக்குச் சரிபார்ப்பைக் காரணங்காட்ட இயலாது. பெப்ரவரியில் ஐயம் எனப்பட்டது மே மாதத்தில் உறுதியாயிற்று. அதற்கு மேலும் அதனைத் தடுத்துவைத்தது நூலின் காலஅட்டவணையேயாகும்.

இரண்டாவது வாதம் முழுமை பற்றியது. அன்றாடச் செய்தி துண்டு துண்டானது. நூலோ யாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து முழு உருவத்தைக் காட்டுவது. தம் கடமை அந்த முழு உருவத்தை அளிப்பதே என்பது வூட்வேட்டின் நிலைப்பாடு. வேறொருவர் இதனைக் கூறியிருப்பின் நாம் சற்றுத் தயங்கியிருப்போம். இவர் கூறும்போதோ இவருடைய வாழ்க்கையே இவருக்கெதிராகச் சாட்சி சொல்கிறது.

1972 யூன் 17ஆம் நாள் இரவில் வோட்டர்கேட் கட்டடத்திலே எதிர்க்கட்சி அலுவலகத்தினுள் புகுந்த சிலர் பிடிபட்டனர். அச்சம்பவத்தின் மூலத்தைத் தேடிப்போன இளம் நிருபர் இருவர் வூட்வேட்டும் கார்ல் பேர்ன்ஸ்டைனும் ஆவர். அவர்கள் முழுமைக்காகக் காத்திருந்தார்களா? நிக்சனின் தேர்தல் நிதிக்குரிய 25,000 டொலர்க் காசோலையொன்று பிடிபட்டவர்களுள் ஒருவரின் வங்கிக் கணக்கிற் சேர்ந்தது என்பதை ஓகஸ்ட் 1இல் எழுதினர். அக்காசோலை எங்கு கொண்டுபோய் விடும் என்பது அன்று அவர்களுக்கே தெரியாது. ஒக்டோபர் 10இல் எதிர்க்கட்சிக்கு எதிரான பரந்த ஒற்றுவேலையைப் பற்றி எழுதினர். அதே மாதம் 25இல் எழுதியதில் ஒரு பிழையும் நேர்ந்தது. சாட்சியொருவர் நீதிவிசாரணைக் குழுவின் முன் கூறாததைக் கூறியதாக எழுதிவிட்டனர். எதிரிகள் அதைக் கொண்டு அவர்களைத் தாக்கினர். பிழை வெளிப்பட்டது, திருத்தப்பட்டது, வேலை தொடர்ந்தது. துண்டு துண்டாக வந்த அச்செய்திகளே பாராளுமன்றத்தையும் நீதிமன்றத்தையும் தட்டியெழுப்பத் துணைநின்றன. 1973இல் மக்கள் சேவைக்கான புலிட்சர் பரிசு 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகைக்கு வழங்கப்பட்டது. அவ்விருவரின் நூல் 1974இல் வந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 9இல் நிக்சன் பதவி துறந்தார்.

1972இன் அந்த இளைஞர்கள், தக்க வேளையில் முழு உருவத்தையும் தருவோம் என்று நூலுக்காகக் காத்திருந்தால், முழு உருவம் என ஒன்று தோன்றியே இராது. ஒரு செய்தி வெளிவந்ததால் மற்றொருவர் வாய் திறந்தார். அவர் திறந்ததால் இன்னொரு கதவு திறந்தது. மறைவில் வைக்கப்படும் துண்டு, மறைவில் உள்ளவரை துண்டாகவே கிடக்கும். இப்பாடத்தை உலகுக்குக் கற்பித்தவருள் ஒருவரே அதனை மறந்தமை வருந்தத்தக்கது.

இரகசியங் காத்தலையும் செய்தியை மறைத்தலையும் இவ்விடத்தில் வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். வோட்டர்கேட் விடயத்தில் தமக்கு உதவிய அதிகாரி யாரென்பதை வூட்வேட் முப்பதாண்டுக்கு மேல் வெளியிடவில்லை. 2005இல் மார்க் ஃபெல்ட் தாமே அவ்வுதவியாளர் என வெளிப்படும்வரை அவர் வாய் திறந்தாரில்லை. அம்மௌனத்தை நாம் போற்றுகிறோம். அது பலவீன நிலையிலிருந்த ஒருவரைப் பலம் வாய்ந்தோரிடமிருந்து காத்தது. செய்தியோ மக்களைச் சேர்ந்துவிட்டது. 2020இன் மௌனத்தில் காக்கப்பட்டவர் நாட்டின் அதியுயர் பதவியில் இருந்தவர். காக்கப்படாதிருந்தோர் சாமானிய மக்கள்.

மூன்றாவது வாதம் தேர்தல் பற்றியது. நவம்பர் 3இல் நிகழவிருந்த தேர்தலுக்கு முன் நூல் வந்துவிட வேண்டும் என்பதே தாம் வரைந்துகொண்ட எல்லை என்றும், அதன்பின் வெளியிட்டிருந்தாலே அது பொறுக்கவொண்ணாத செயலாகும் என்றும் வூட்வேட் கூறினார். இதனைப் பலர் நியாயமான விளக்கமாகக் கொண்டனர். நமக்கோ இவ்வாதமே யாவற்றிலும் கவலைக்குரியதாகப் படுகிறது. குடிமகனை வாக்குச்சீட்டை ஏந்தியவனாக மாத்திரம் காணும் பார்வை இதில் மறைந்திருக்கிறது. மனிதன் நான்காண்டுக்கு ஒருமுறை வாக்களிக்கிறான். நாடோறும் மூச்சு விடுகிறான். மார்ச் மாதத்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையிலோ முதியோர் இல்லத்திலோ வேலைக்குப் போகலாமா, முகத்தை மூடிக்கொண்டு போகலாமா என்று தடுமாறிய தொழிலாளிக்கு அச்செய்தி அன்று வேண்டியிருந்தது. முகக்கவசம் அணியுமாறு அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது ஏப்ரல் 3இலேதான். நோய் காற்றிற் கலந்து பரவக்கூடும் என்பதை அந்நிலையம் தன் வழிகாட்டலில் ஏற்றுக்கொண்டது ஒக்டோபர் 5இல். அச்சொல் பெப்ரவரி 7இலேயே ஒரு தொலைபேசியில் உச்சரிக்கப்பட்டிருந்தது. ஏப்ரலிலும் மேயிலும் இறந்தோருக்கு நவம்பரில் வாக்கில்லை.

நான்காவது வாதம் கனமானது. அதை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. பெப்ரவரியில் வூட்வேட் வாய் திறந்திருந்தால் அடுத்த அழைப்பு வந்திராது. மார்ச் 19இன் ஒப்புதல் வாக்குமூலமும் கிடைத்திராது. சரித்திரம் ஒரு பெருஞ் சான்றை இழந்திருக்கும் என்பர். இது மெய்யே. ஆனால் இவ்வுடன்படிக்கையின் தன்மையைச் சற்று நோக்குவோம். அதிகாரத்தில் இருப்பவர் பேசுகிறார், எழுத்தாளர் கேட்கிறார், மேலும் கேட்கவேண்டுமாயின் கேட்டதை வெளியிடலாகாது. ஒவ்வொரு புதிய சந்திப்பும் பழைய மௌனத்தின் பெறுமதியைக் கூட்டுகிறது. நாளடைவில் ஆட்சியாளரின் மறைபொருளைக் காக்கும் பொக்கிஷதாரியாக எழுத்தாளர் தம்மை அறியாமலே ஆகிவிடுகிறார். இவ்வியாபாரத்தில் இருவருக்கும் இலாபமுண்டு. ஒருவருக்கு நூல் கிடைக்கிறது. மற்றவருக்குக் காலம் கிடைக்கிறது. விலை கொடுப்பவர்களோ அவ்வறையில் இல்லாத மூன்றாந் தரப்பினர்.

இதற்கோர் உதாரணம் நூலிலேயே உண்டு. ஏப்ரல் 5இல் நடந்த உரையாடலின்போது, நிபுணர்கள் பலரிடம் வினவி, உடனடி நடவடிக்கை வேண்டிய 14 துறைகளைக் குறித்துவைத்திருந்த வூட்வேட், அவற்றை ஜனாதிபதியிடம் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அதைப் படிக்கையில் ஒரு மூத்த குடிமகனின் பதைப்பு தெரிகிறது. அவருடைய நெஞ்சு ஈரமற்றதன்று. ஆயினும் அப்பட்டியல் சென்று சேர்ந்த இடம் எது? அதைச் செவிமடுக்க விரும்பாத ஒருவரின் காது. கோடிக்கணக்கான வாசகரைக் கொண்ட ஒரு பத்திரிகை கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆட்சியாளருக்கு அந்தரங்கமாக ஆலோசனை கூறுவது அமைச்சரின் தொழில். பத்திரிகையாளரின் தொழில் வேறு.

அம்மௌனத்தின் இறுதி விளைவையும் மறத்தலாகாது. நூலின் பகுதிகள் வெளிவந்த மறுநாள் ட்ரம்ப் அளித்த பதில் இதுவே: என் சொற்கள் இத்தனை ஆபத்தானவையாயின், பல மாதங்களாக அவற்றை வைத்திருந்தவர் உயிர்களைக் காக்க ஏன் உடனே வெளியிடவில்லை? அவை நல்ல பதில்கள் என்று அவருக்குத் தெரியும் என்றார். குற்றஞ் சாட்டப்பட்டவருக்குச் சாட்சியின் மௌனமே அரணாயிற்று. உரிய காலத்தில் கூறப்படாத உண்மை, பின்னர் கூறப்படும்போது பாதி வலிமையை இழந்துவிடுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஐந்தாவதாக, அச்செய்தி வெளிவந்திருந்தாலும் எதுவும் மாறியிராது. ட்ரம்ப்பை நம்பியோர் நம்பியே இருப்பர் என்று கூறுவோரும் உளர். இத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்று கணக்குக் கூற நாம் முன்வரமாட்டோம். அது யாராலும் ஆகாத காரியம். ஆயின் கடமை பலனின் உறுதியைப் பொறுத்ததன்று. தீப்பற்றியதைக் கண்ட காவற்காரன், ஊரார் எப்படியும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று கூறித் தன் பறையை அடிக்காது விடுவதற்கில்லை. மேலும், ஆபத்தைக் குறைத்துக் கூறிய தலைவரை நம்பியவர்களுக்கே, அவர் தனிமையிற் கூறியதைக் கேட்கும் உரிமை எல்லோரையும்விட அதிகமாக இருந்தது.

பெப்ரவரி 7ஆம் தேதியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே தேதியில், உலகின் மறுகோடியில், வூஹான் நகரின் மருத்துவமனையொன்றில் லீ வென்லியாங் என்னும் கண் மருத்துவர் அந்நோயால் இறந்தார். 2019 டிசெம்பர் 30இல், விநோதமான நோயொன்று பரவுகிறது, எச்சரிக்கையாயிருங்கள் என்று தம்முடன் படித்த மருத்துவ நண்பர்களுக்குச் செய்தி அனுப்பியவர் அவர். அவருக்கும் அனைத்தும் சரிபார்க்கப்பட்ட செய்தி கிடைத்திருக்கவில்லை. அவர் எழுதியதில் ஒரு விவரம் பின்னர் திருத்தப்படவும் நேர்ந்தது. ஜனவரி 3இல் பொலிசார் அவரை அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கண்டித்து ஒரு கடிதத்தில் ஒப்பமிடுவித்தனர். அவர் பத்திரிகையாளர் அல்லர். நூலெழுதும் எண்ணம் அவருக்கு இருந்ததாகவும் நாம் அறியோம். தம்மைச் சேர்ந்தோர் ஆபத்தில் இருக்கின்றனர், தாம் அறிந்ததை அவர்களும் அறிய வேண்டும் என்ற எளிய மனிதாபிமானமே அவரைத் தூண்டியது. பேசினால் தண்டனை கிடைக்கும் நாட்டில் அவர் பேசினார். பேசினால் எவரும் தண்டிக்க முடியாத நாட்டில், அத்தொழிலின் மிகப் பெரும் புகழைப் பெற்றவர் பேசாதிருந்தார்.

ஒருவரின் குணக்குறைபாட்டைச் சுட்டி இத்துடன் அமைவோமாயின் நம் விமர்சனம் மேலோட்டமானதாகிவிடும். தனிமனிதரின் பின்னால் ஒரு வர்த்தக அமைப்பு நிற்கிறது. நூல் வெளியீடு என்பது இன்று பெருமுதல் புரளும் தொழில். பதிப்பாளர் முன்பணம் தருகிறார்; அம்முன்பணம் மீள வேண்டுமாயின் நூலில் வேறெங்கும் வெளிவராத செய்தி இருக்கவேண்டும். குறித்த நாள்வரை அது பூட்டிவைக்கப்பட்டு, வெளியீட்டிற்குச் சில நாள் முன்பாக ஒரு துளி மாத்திரம் பத்திரிகைகளுக்குத் தெளிக்கப்படுகிறது. அன்றே செய்தி விளம்பரமாகிவிடுகிறது. 'ரேஜ்' முதல் வாரத்திலேயே ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. அவ்வுரையாடல்களின் ஒலிப்பதிவுகளே 2022 ஒக்டோபரில் தனியொரு வெளியீடாக இரண்டாம் முறை சந்தைக்கு வந்தன. அதன்பின் நிகழ்ந்தது ஒரு கூத்து. அப்பதிவுகளில் உள்ள குரல் தமக்கே உரியது என்று கூறி 2023இல் ட்ரம்ப் ஏறத்தாழ ஐந்து கோடி டொலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2025 யூலையில் அது தள்ளுபடியாயிற்று. பேசியவருக்கா, பதிவு செய்தவருக்கா, பதிப்பித்தவருக்கா சொந்தம் என்று மன்றிலே வாதிக்கப்பட்டது. அச்செய்தி யாருடைய உயிரைப் பற்றியதோ, அம்மக்களுக்கு அதில் உரிமையுண்டா என்று கேட்பார் அங்கிருந்திலர்.

இப்போக்கு வூட்வேட்டுடன் நிற்பதுமன்று. ட்ரம்ப்பின் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த ஜோன் போல்டன், 2019இல் காங்கிரசின் கீழ்ச்சபை விசாரணை நடத்தியபோது தாமாக முன்வந்து சாட்சியளிக்கவில்லை. செனற் சபை அழைத்தால் வருவேன் என்றார். அச்சபையோ 2020 ஜனவரி 31இல் சாட்சிகளை அழைப்பதில்லை என 51க்கு 49 வாக்குகளால் தீர்மானித்தது. அவர் அறிந்தவை அவ்வாண்டு யூன் மாதம் நூலாகிக் கடைக்கு வந்தன. 2025 மே மாதத்தில் ஜேக் டப்பர், அலெக்ஸ் தொம்சன் என்போர் ஜனாதிபதி பைடனின் முதுமைத் தளர்ச்சி மறைக்கப்பட்டமை பற்றி நூல் வெளியிட்டபோதும் அதே கேள்வி எழுந்தது. தமக்குச் செய்தி தந்தோருள் மிகப் பெரும்பாலோர் 2024 தேர்தல் முடிந்தபின்னரே வாய் திறந்தனர் என்று அவர்கள் பதிலிறுத்தனர். அப்பதிலை நாம் ஏற்கலாம். ஏற்குமிடத்து, குற்றம் எழுத்தாளரிடமிருந்து அரண்மனையைச் சூழ்ந்திருந்தோர்மீது சென்று தங்குகிறது. காலம் கடந்தபின் பேசுவதால் எவருக்கும் இழப்பில்லை என்று தெரிந்த பிறகே நாவுகள் அவிழ்கின்றன. எழுதுவோர், சொல்வோர், பதிப்போர் ஆகிய மூவரும் ஒரே காலக் கணிப்பில் இயங்குகின்றனர்.

ஆகவே பத்திரிகையாளர் நூலே எழுதலாகாது என்று சொல்கிறோமா? அல்ல. நூலே மௌனத்தை உடைத்த சந்தர்ப்பமும் உண்டு. அமெரிக்க அரசு நீதிமன்ற ஆணையின்றித் தன் மக்களின் உரையாடல்களை ஒற்றுக்கேட்டதை ஜேம்ஸ் ரைசன், எரிக் லிக்ட்பிளோ ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அரசாங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்கி 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை அச்செய்தியை ஓராண்டுக்கு மேல் அடக்கிவைத்தது. ரைசன் தம் நூலில் அதனை எழுதிவிடத் துணிந்தபின், 2005 டிசெம்பர் 16இல் பத்திரிகை அதை வெளியிட்டது. நூல் அடுத்த மாதம் வந்தது. இங்கே பத்திரிகை மூடிய வாயை நூல் திறந்தது. எனவே தீர்ப்பு நாளிதழா நூலா என்பதைப் பற்றியதன்று. எது மக்களிடம் விரைந்து சென்றது, எது எவருடைய நலனுக்காகத் தாமதித்தது என்பதைப் பற்றியது.

முதலிற் பத்திரிகையிலும் பின்னர் நூலிலும் வெளிவந்து இரண்டிலும் வென்ற எழுத்துகள் குறைவல்ல. அப்டன் சிங்கிளயர் சிக்காகோ இறைச்சிச் சாலைத் தொழிலாளரிடையே வாரக்கணக்கில் திரிந்து எழுதிய 'தி ஜங்கிள்' நாவல், 1905இல் ஒரு சோஷலிசப் பத்திரிகையில் தொடராக வந்து, 1906இல் நூலாயிற்று. அவ்வாண்டு யூன் 30இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறியது. ஜோன் ஹேர்சியின் 'ஹிரோஷிமா' 1946 ஓகஸ்ட் 31இல் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையின் ஓரிதழ் முழுவதையும் நிரப்பி வந்தபின்னரே நூலாயிற்று. நம் அண்டை நாடாகிய இந்தியாவில் பி. சாய்நாத், மிக வறிய மாவட்டங்களில் அலைந்து 'டைம்ஸ் ஒஃப் இந்தியா'வில் எழுதிய கட்டுரைகளே 1996இல் பெரும்புகழ் பெற்ற நூலாகத் திரண்டன. இவர்களுடைய நூல்கள் செய்தி பழசாகிவிட்டதனால் தோற்றனவா? ஹிரோஷிமாவை இன்றும் படிக்கின்றோம். செய்தியின் புதுமை ஒருநாளில் வாடும். அதனுள் இருக்கும் மனித அனுபவத்தின் உண்மை வாடுவதில்லை. நூலுக்குரிய நிலைபேறு இரண்டாவதிலிருந்தே பிறப்பது. புதுமையைப் பூட்டிவைத்து நூலைச் சிறப்பிக்க முனைவோர், தம் எழுத்தின் சொந்த வலிமையில் நம்பிக்கை குறைந்தவராகவே நமக்குத் தோன்றுகின்றனர்.

'ரேஜ்' நூலின் இலக்கியக் குறையும் இங்கேதான் உள்ளது. அதிலே வூட்வேட் வெறும் பதிவாளர் அல்லர். கேட்டும் இடித்துரைத்தும் ஆலோசனை கூறியும் கதைமாந்தருள் ஒருவராகவே உலவுகிறார். நூலின் இறுதியில் ட்ரம்ப் அப்பதவிக்குத் தகாதவர் என்று தீர்ப்பும் வழங்குகிறார். தீர்ப்பு வழங்கும் நீதிபதி, தாமும் அச்சம்பவங்களின் சாட்சியாக மாதக்கணக்கில் வாளாவிருந்ததைத் தம் விசாரணைக்கு உட்படுத்தியிருப்பாராயின், அந்நூல் ஒரு காலத்தின் மனச்சாட்சியையே திறந்து காட்டும் படைப்பாகியிருக்கும்.

வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், பிறருக்குத் தீமை பயவாத சொல்லையே வாய்மை என்றார். சொல்லுக்கு உரைத்த அவ்விலக்கணத்தை மௌனத்துக்கும் பொருத்திப் பார்த்தல் தகும். ஒருவரைக் காக்கும் மௌனம் உண்டு. சரிபார்க்கும்வரை பொறுத்திருக்கும் மௌனம் உண்டு. போர்க்களத்திலும் கடத்தப்பட்டோர் விடயத்திலும் உயிரைக் கருதிக் கொள்ளும் மௌனமும் உண்டு. இம்மூன்றும் பத்திரிகைத் தொழிலுக்கு அணியாவன. நான்காவதாகிய சந்தைக்குக் காத்திருக்கும் மௌனமோ அவற்றின் உடையை அணிந்துகொண்டு வருகிறது. அதனை அடையாளங் காண ஒரு சோதனை போதும். நான் இதனை இன்னும் வெளியிடாதிருப்பதற்குக் காரணம் இது என்று, அச்செய்தியால் பாதிக்கப்படுவோரின் முகத்தை நோக்கி இன்றே கூற முடியுமா? சரிபார்க்கிறேன் என்று கூறலாம். இன்னொருவரின் உயிர் என் சொல்லில் தங்கியுள்ளது என்று கூறலாம். என் நூல் செப்டெம்பரில் வருகிறது என்று, மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் ஒருவரின் படுக்கையருகே நின்று கூறத் துணிவார் எவருமிலர்.

எழுதுகோலைக் கையிலெடுத்த எவரும், சிறிய ஊர்ச் செய்தி எழுதுவோராயினும், இவ்வினாவினின்றும் தப்ப முடியாது. நாம் அறிந்ததெல்லாம் யாரோ ஒருவர் நம்மை நம்பிக் கூறியதாலும், வாசகர் நம்மை நம்பிக் காத்திருப்பதாலும் நம்மிடம் வந்து சேர்ந்தவை. அவை நம் கையில் இருக்கும் காலம் சொற்பமாயிருத்தலே முறை. நூல்களை எழுதுவோம், நிலைக்கும் நூல்களாகவே எழுதுவோம். ஆனால் அதற்கு முன், கேட்டதைக் கேட்ட காலத்திலேயே ஊரறியச் சொல்லிவிடுவோம்.